டாக்டர் ரூமுக்குள்ள என்ன நடந்துச்சு? 30, 40, 50 வயசுல ஏடிஎச்டின்னு தெரிஞ்ச பொண்ணுங்க சொல்லுங்க

கொங்குமல்லி (கோயம்புத்தூர், 41)

ஏடிஎச்டி, அதான் கவனம் ஒரு எடத்துல நிக்காம செதர்ற பிரச்சன, அதோட அறிகுறி லிஸ்ட்லாம் எங்க பாத்தாலும் கெடைக்குது, அது வேண்டாம். டாக்டர் முன்னாடி உக்காந்தப்போ என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, கூட வந்தவங்க என்ன உளறுனாங்க, அத சொல்லுங்க. நானே ஆரம்பிக்கறேன், நீளமாத்தான் வரும், சுருக்கமா பேச தெரிஞ்சிருந்தா இந்த வியாதியே இல்லன்னு அர்த்தம் :)

மொதல்ல போன டாக்டர் ஊர்ல பெரிய பேரு. என்ன படிச்சிருக்கம்மான்னார், பி.காம். முடிச்சு சிஏ இன்டர் வரைக்கும்னேன். பிளஸ் டூல எவ்ளோன்னார். 1200க்கு 1087ன்னேன். சிரிச்சுட்டார். இவ்ளோ மார்க் எடுத்த புள்ளைக்கு ஏடிஎச்டியா, அது பெஞ்சு மேல ஏறி குதிக்கற பசங்களுக்கு வர்றதும்மா, அப்படின்னுட்டு மாமியார் கூடத்தான் இருக்கீங்களான்னு கேட்டார். ஆமாங்கன்னேன். அவ்ளோதான், காரணம் கெடச்சுப்போச்சு. டென்ஷனுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, யோகா பண்ணுங்க, அடுத்த டோக்கன்.

அந்த மாத்திரை நெஜமாவே பதட்டத்த கொறச்சுதுங்க, அதுதான் வம்பே. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், மாசா மாசம் 11ம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20ம் தேதி இன்னொண்ணு. இத்தன வருஷமா 19ம் தேதி ராத்திரி வயித்த கலக்கி, அந்த பயத்துலதான் உக்காந்து முடிச்சிருக்கேன். இப்ப பயம் போச்சு, வேலையும் போச்சு. 20ம் தேதி மத்தியானம் ஜம்முனு உக்காந்து பென்சில் சீவிட்டு இருக்கேன். அப்பத்தான் எனக்கே உறைச்சுது, பதட்டந்தான் என்ன ஓட்டிட்டு இருந்திருக்குன்னு.

ரெண்டாவது ஒரு லேடி டாக்டர். ஸ்கூல் பிராகிரஸ் கார்டு இருந்தா எடுத்துட்டு வாங்க, அம்மாவ கூட்டிட்டு வாங்கன்னாங்க. எதுக்குன்னா, பெரியவங்களுக்கு வந்தாலும் இது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், அதுக்கு சாட்சி வேணும். எங்கம்மாவுக்கு மனநல டாக்டர்னாலே ஒதறல், பொண்ண பைத்தியம்னு எழுதிருவாங்களோன்னு. கேட்ட எல்லாத்துக்கும் இல்லீங்க இல்லீங்கன்னே சொன்னாங்க. பொருள தொலைப்பாளா? எல்லா கொழந்தையும் தொலைக்குமுங்க. சொன்னத மறப்பாளா? அதெல்லாம் இல்லீங்க, வாய்தான் கொஞ்சம் சாஸ்தி, நல்ல புள்ளைங்க.

டாக்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, காலைல ஸ்கூலுக்கு இவங்க பைய யாருங்கம்மா அடுக்குவாங்கன்னாங்க. அம்மா படக்குன்னு, நாந்தானுங்க, டைம்டேபிள் பாத்து நோட்டு எடுத்து வெப்பேன், டிபன் பாக்ஸ மறந்துட்டு போயிருவா, பின்னாடியே சைக்கிள்ல குடுத்துட்டு வருவேன், வீட்டுப்பாடம் எழுதறப்ப பக்கத்துலயே உக்காந்திருக்கோணும், அடுப்ப பாக்க எந்திரிச்சு போனா இவ ஜன்னல பாத்துட்டு பேனா மூடிய கடிச்சுட்டு உக்காந்திருவாங்க. இதெல்லாம் எந்த வயசு வரைக்குங்கம்மா? அம்மா யோசிக்கவே இல்ல, கல்யாணம் கட்டிக் குடுக்கற வரைக்குமுங்க.

டாக்டர் எழுதறத நிறுத்திட்டு என்ன பாத்தாங்க. 1087 மார்க்குல பாதி அம்மா வாங்குனதுங்க.

ஓஎம்ஆர் ராக்கோழி (சென்னை, 33)

அக்கா அந்த கடைசி வரி... எனக்கு ஹாஸ்டல் வார்டன், அப்புறம் ரூம்மேட். ரூம்மேட்டுக்கு கல்யாணமாகி போனப்புறம்தான் கரண்ட் பில் கட்டலன்னு ஃபியூஸ புடுங்கிட்டு போனாங்க, அக்கவுன்ட்ல காசு இருக்கு.

டாக்டர் ரூம்ல எனக்கு பெரிய கதை இல்ல, நல்லாத்தான் பேசுனார், 18 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம் (உலக சுகாதார நிறுவனம் போட்டது) நிரப்ப சொன்னார், ஆனா இத வெச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டேன், இது வாசல் கேட் மாதிரின்னு சொல்லி இன்னும் ரெண்டு சிட்டிங் வர சொன்னார், ரத்தம், தைராய்டு, பிபி, பல்ஸ் எல்லாம் பாத்தப்புறம்தான் மெத்தில்ஃபெனிடேட்ங்கற ஏடிஎச்டி மாத்திரைய எழுதுனார்.

என் கதை மெடிக்கல் ஷாப்ல. தெருவுல இருக்கற கடை எதுலயும் கெடைக்காது. இது ஷெட்யூல் எக்ஸ், அதாவது ரொம்ப கட்டுப்பாட்டோட விக்கற மருந்து லிஸ்ட், கடைக்காரருக்கு தனி லைசென்ஸ் வேணும், டாக்டர் சீட்டு ரெண்டு காப்பி குடுக்கணும், ஒண்ண அவர் ரெண்டு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். நான் ஒரு சனிக்கிழமை வடபழனிலேர்ந்து அடையார் வரைக்கும் ஏறி எறங்குறேன். ஒரு கடைல அண்ணன் சீட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு, பேஷன்ட் பையனுக்கு எத்தன வயசும்மான்னார். நான்தான் பேஷன்ட் அண்ணான்னேன். மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்தார், அந்த பார்வைக்கு தனியா ஒரு மாத்திரை வேணும். மறதிக்காரங்களுக்கு எழுதி குடுக்கற மருந்துக்கு ஒரு சீட்ட தொலைக்காம வெச்சிருக்கணும்னு சட்டம் போட்டவன மட்டும் நேர்ல பாக்கணும் எனக்கு.

ஆனா ஒண்ணு தெரியுமா, அந்த மருந்த 1944ல தயாரிச்ச பனிசோன்ங்கற விஞ்ஞானி தன் பொண்டாட்டி பேர்லதான் ரிட்டலின்னு வெச்சாராம், அவங்க செல்லப் பேரு ரீட்டா, அவங்களுக்கு லோ பிபி, டென்னிஸ் ஆடறதுக்கு முன்னாடி போட்டுக்குவாங்களாம். ஆரம்பத்துலயே போட்டுப் பாத்தது ஒரு பொம்பள, அப்புறம் நம்மள மட்டும் விட்டுட்டு பசங்களுக்கே குடுத்துட்டு இருந்திருக்காங்க.

மாத்திரை போட்டா என்ன ஆகும்னு எல்லாரும் கேக்கறாங்க. மேஜிக்லாம் இல்லப்பா. பெட்ரூம்ல ஒரு பிளாஸ்டிக் சேர் மேல தொவைச்ச துணி மலையா இருக்கும், அத மடிக்கணும்னு தெரியும், ஆசையும் இருக்கும், ஆனா கை போகாது. மொத வாரம் ஒரு நாள் பத்து மணிக்கு எந்திரிச்சு போய் மடிச்சிட்டேன். அவ்ளோதான். பசி சுத்தமா போயிருது, அதனால சாப்ட்டுட்டு போடுங்க, சாயங்காலம் மருந்து எறங்கறப்போ யார்கிட்டயும் பேசாதீங்க, கடிச்சு வெச்சிருவீங்க.

பனங்காய்ப்பணியாரம் (லண்டன், 40)

பிள்ளையள், உங்களுக்கு பிராகிரஸ் கார்ட்டாவது இருக்கு. என்ர கதையைக் கேளுங்கோ.

ஜிபியிட்ட, அதுதான் எங்கட குடும்ப டொக்டரிட்ட, கதைச்சு, காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், பிறகு இங்கிலாந்தில ‘ரைட் டு சூஸ்’ எண்டு, பாக்கிற இடத்தை நாங்களே தெரிவு செய்யிற ஒரு வழி இருக்கெண்டு ஒரு சிநேகிதி சொல்லித்தான் வேற இடத்தில பதிஞ்சனான். வீடியோ கோலில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல மாதிரி. உங்கட ஆரம்பப் பள்ளி றிப்போட் அனுப்புங்கோ எண்டவ. எனக்கு சிரிப்பு வந்திட்டுது. 95 ஒக்டோபர் 30 இரவு சண்டையால யாழ்ப்பாணம் முழுக்க வெளிக்கிட்டது, நாங்களும் வெளிக்கிட்டம், அம்மா எடுத்தது எங்கட பிறப்புச் சான்றிதழும் நகையும் ஒரு சருவச்சட்டியும். றிப்போட்டை ஆர் எடுத்தது?

அவ விளங்கிக்கொண்டா. ஆனா அதுக்குப் பிறகுதான் கஷ்டமான கேள்வி வந்தது. சின்ன வயசில அப்பிடியொரு இடப்பெயர்வைப் பாத்த பிள்ளைக்கு கவனம் சிதறும், நித்திரை வராது, திடுக்கிடும், அதுவும் இதைப்போலத்தான் இருக்கும், அப்ப இது போரால வந்ததோ, முதலே இருந்ததோ எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? நியாயமான கேள்வி, எனக்கு மறுமொழி தெரியேல்லை. அம்மா டொரொண்டோவில. அவவை ஃபோனில எடுத்து, தங்கச்சி மொழிபெயர்க்க, இடம்பெயர முதல் பிள்ளை எப்பிடி எண்டு கேட்டினம்.

அம்மா சொல்லுறா, இவள் ரெண்டாம் வகுப்பிலயே ரீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில தன்ர காலடியில இருத்தி வச்ச பிள்ளை, இல்லாட்டி கொப்பியில பூ கீறிக்கொண்டிருப்பாள். கடைக்கு சீனி வாங்க விட்டா காசையும் துலைச்சுப்போட்டு கோயில் கேணியில மீன் பாத்துக்கொண்டு நிப்பாள். நாவற்குழிப் பாலத்தில அத்தனை சனம் நெரிபடேக்க, தங்கச்சியின்ர கையைப் பிடி எண்டு சொல்லிவிட்டா, இவள் ஆரோ தூக்கிக்கொண்டு போன ஆட்டுக்குட்டிக்குப் பின்னால போட்டாள்.

தங்கச்சி அதை இங்கிலிஷில சொல்லேக்க அழுதுகொண்டு சொன்னவள், ஏனெண்டா அந்தக் கை அவளின்ர கை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, பாலம் வேண்டாம், ரெண்டாம் வகுப்பையும் கேணியையும் எழுதுறன் எண்டா. அப்பிடித்தான் எனக்கு றிப்போட் வந்தது. வந்த நேரம் பாருங்கோ, 2023 இலையுதிர்காலம், நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, மாத்திரை இல்லாமல் பேப்பரை மட்டும் வச்சுக்கொண்டு இருந்தன்.

சும்மா வந்தவன் 77

தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பாட்டி எட்டு புள்ள பெத்து, மாடு மேய்ச்சு, வயல்ல நின்னவங்க. அவங்களுக்கு எந்த டிஎச்டியும் இல்ல. இப்ப ரீல்ஸ் பாத்துட்டு எல்லாருக்கும் ஒரு பேரு.

கற்பூரவல்லி (திருச்சி, 36)

அண்ணா, ரீல்ஸ பத்தி நீங்க சொல்றதுல பாதி எனக்கு நடந்துச்சு, அதனால நானே சொல்றேன். நானும் ரீல்ஸ் பாத்துட்டுத்தான் போனேன், 100% நான்தான்னு அடிச்சு சொன்னேன். டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, இது எப்பலேர்ந்து? ரெண்டாவது டெலிவரிக்கு அப்புறம்னேன். அதுக்கு முன்னாடி? நல்லா இருந்தேன் சார், ஆபீஸ்ல என் டெஸ்க பாத்தா கோயில் மாதிரி இருக்கும்னேன். அங்கயே பேனாவ மூடிட்டார். டெஸ்ட் எடுத்தா தைராய்டு தாறுமாறு, ஹீமோகுளோபின் 8. இப்ப மாத்திரையும் இரும்புச்சத்தும் சாப்ட்டு தேறிட்டேன். ஆனா போனதுனாலதான தெரிஞ்சுது? ரீல்ஸ் பாத்து போனாலும் போகட்டும், போனா சரியான ஆளு பிரிச்சு பாப்பாங்க.

உங்க பாட்டி மேட்டர், அவங்க வயல்ல இருந்தாங்கண்ணா. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடல.

வைகைக்கரை டீச்சர் (மதுரை, 52)

எல்லாத்தையும் வாசிச்சேன்த்தா. எனக்குத் தாங்கிப் பிடிச்சது அம்மாவும் இல்ல, வார்டனும் இல்ல, பள்ளிக்கூடத்து பெல்லு. அடிச்சா உள்ள போகணும், அடிச்சா வெளிய வரணும், அடுத்த வகுப்பு எதுன்னு செவுத்துல ஒட்டியிருக்கும். கணக்கு நல்லா எடுப்பேன், புள்ளைங்க என் வகுப்புன்னா ஓடி வரும். வீட்ல மட்டும் பால் பொங்கும், கேஸ் புக் பண்ண மறக்கும், சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு ஊரெல்லாம் தேடுவேன், அதுக்கு பொறுப்பத்தவன்னு ஒரு பட்டம், அதோட பொழப்பு ஓடுச்சு.

எச்எம் ஆக்குனாய்ங்க, அங்க தொலைஞ்சேன். எச்எம்முக்கு ஏது பெல்லு? பள்ளிக்கூட விவரமெல்லாம் ஏத்துற எமிஸ் வெப்சைட்டுல பதிவு பண்ணு, சத்துணவு கணக்கு அனுப்பு, முதன்மை கல்வி அலுவலர் ஆபீஸ்லேர்ந்து உடனே வேணும்னு ஃபோனு, நடுவுல ஒரு புள்ள விழுந்து மண்டைய ஒடச்சுக்கிட்டு வந்து நிக்கும். மேசைல ஃபைல் ஏறுது, எதையும் தொறக்க முடியல. அதே சமயம் மாதவிலக்கு ரெண்டு மாசம் வராது, மூணாவது மாசம் கொட்டும். வகுப்புல நிக்கறப்போ வர்க்கமூலம்ங்கற சொல்லு வாய்ல வரல. என்ன நெனச்சேன்னா, எங்கத்தைக்கு வந்த மறதி வியாதி நமக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன். ராத்திரி முழிச்சுக்கிட்டு 17ம் வாய்ப்பாட்ட மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன், வருதான்னு.

பொம்பள டாக்டர்கிட்ட போனா, இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான், ரெஸ்ட் எடுங்கன்னுச்சு அந்தம்மா. மகதான் மனநல டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவர்தான் வெளக்குனார், ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பள ஹார்மோன் எறங்க எறங்க மூளைல கவனத்துக்கு வேண்டிய டோபமினும் தடுமாறும், ஏற்கனவே ஏடிஎச்டி இருக்கற பொம்பளைக்கு அதுவரைக்கும் சமாளிச்சது இந்த வயசுல சமாளிக்க முடியாம போகும், மாதவிலக்குக்கு முன்னாடி வாரமும் அதனாலதான் மோசமா இருக்கும்னு. அத்தைக்கு வந்தது இல்லைன்னும் டெஸ்ட் எடுத்துச் சொன்னார். அங்கதான்த்தா ஒடஞ்சு அழுதேன், ஏடிஎச்டின்னதுக்கு இல்ல.

பிரஷர் இருக்கறதால அத கட்டுக்குள்ள கொண்டுவந்தப்புறம்தான் மாத்திரை, அதுவும் கொறஞ்ச அளவுல. அதுவரைக்கும் என்ன பண்ணேன்னா, ஃபோன்ல முக்கா மணிக்கு ஒருதரம் பெல்லு அடிக்க வெச்சுக்கிட்டேன். ஒரு பெல்லுக்கு எமிஸ், அடுத்த பெல்லுக்கு சத்துணவு. ஓடுது.

வீட்டுக்காரர்தான், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான இருக்க, இப்ப என்ன புதுசா பேருங்கறார். அதத்தாங்க டாக்டரும் சொன்னார், ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்னு, அதுக்கு அவர் ஃபீஸ் வாங்குனார், நீங்க ஓசில சொல்றீங்கன்னேன்.

ஓஎம்ஆர் ராக்கோழி

டீச்சர் செம!! ஒரு டவுட்டு, அம்மா அப்பா இல்லாதவங்க யார கூட்டிட்டு போறது? என் ஆபீஸ் ஃப்ரெண்டு கேக்குறா.

கொங்குமல்லி

அக்கா, பெரியம்மா, ஸ்கூல் தோழி, சின்ன வயசுல கூட இருந்தவங்க யார் வேணா வரலாங்க, ஃபோன்ல பேசுனாலும் போதும்னு எங்க டாக்டர் சொன்னாங்க. யாருமே இல்லன்னா பழைய நோட்டு, பிராகிரஸ் கார்டுல மிஸ் எழுதுன ரிமார்க்ஸ், எது இருந்தாலும் எடுத்துட்டு போக சொல்லுங்க. என் அஞ்சாங்கிளாஸ் கார்டுல ‘கெட்டிக்காரி, ஆனால் கவனம் இல்லை’ன்னு மூணு டெர்மும் ஒரே வரி, டாக்டர் அத ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வெச்சுட்டாங்க. கூட வர்றவங்கள, கொழந்தை நல்லா இருந்தாளான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க, அதனால நீங்க அவளுக்காக என்னென்ன செஞ்சீங்கன்னு வீட்லயே பேசி வெச்சுட்டு போங்க.

எங்க போறதுன்னே தெரியாதவங்க டெலி மனாஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416க்கு அடிங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அவங்க ஃபோன்லயே ஏடிஎச்டின்னு எழுதித்தர மாட்டாங்க, ஆனா எங்க போகணும்னு வழி சொல்லுவாங்க.

சும்மா வந்தவன் அண்ணா, போயிட்டீங்களா? உங்க பாட்டி கூட மாடு மேய்க்க வேற யாரெல்லாம் போனாங்கன்னு விசாரிச்சு சொல்லுங்க, நெஜமாவே கேக்கறேன்.