தமிழ்நாட்டோடு சகோதர ஒப்பந்தம்: நம் தோட்டப்புற ஊருக்கு என்ன வழி?

கேட்டவர், சுங்கை சிப்புட் (மலேசியா): தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தோடு நம் ஊரைச் சகோதர ஊராக இணைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. இதில் இறங்கி வேலை பார்த்தவர்கள் நடைமுறையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

லிந்தாங் சாலைக்காரர்: தம்பி, நம் ஊர் யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஈப்போ மாநகர் 1989இல் ஜப்பானின் ஃபுகுவோகாவோடு சகோதர நகரானது. சுங்கை சிப்புட் ஈப்போவுக்குப் பக்கம்தான், ஆனால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. ஈப்போ மாநகர் மன்றம் நம் பள்ளிப் பிள்ளைகளை நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2010இல் வந்த கோலாலம்பூர்–சென்னை உறவும் நகரத்தோடு நகரம்தான். பினாங்கும் ஜப்பானின் கனகாவாவும் 1991இல் செய்துகொண்டது மாநில அளவு. தோட்டப்புறத்துக்குப் பலன் வர வேண்டுமென்றால் அந்த வகைதான் சரி.

அடுத்தது அதிகாரம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி வெளியுறவு கூட்டரசின் கையில், ஊராட்சி மாநிலத்தின் கையில். அதனால் நகராண்மைக் கழகம் தனியாக வெளிநாட்டோடு கையெழுத்துப் போட முடியாது. கழகத்தின் கூட்டத்தில் தீர்மானம் ஆகி, மாநில அரசு ஒப்புக்கொண்டு, வரைவு விஸ்மா புத்ராவுக்கும் (நம் வெளியுறவு அமைச்சு) சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் பார்வைக்குப் போக வேண்டும். இந்தியப் பக்கமும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு வழியாகப் புதுடெல்லி வெளியுறவு அமைச்சுக்குப் போகும். மாநிலங்களுக்கென்றே 2014இல் அங்கே ஒரு பிரிவு தொடங்கினார்கள். சங்கம் கையெழுத்திட இதில் இடமே இல்லை. ‘செயல்பாட்டுப் பங்காளி’ என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் பெயர் வரலாம், அதைக் கேட்டு வாங்குங்கள்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ‘கல்வி, பண்பாடு, வணிகம், சுற்றுலா’ என்று நான்கையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். பிறகு அதிகாரி மாற்றலாகிப் போவார், கோப்பும் அலமாரிக்குப் போய்விடும். இதைத் தடுக்க ஒரே பக்கத்தில் ஒரு பின்னிணைப்பு போதும். இரு பக்கமும் பொறுப்பேற்கும் பதவி எது (ஆளின் பெயர் வேண்டாம்), ஆண்டுக்கு நடக்கும் ஒரு நிகழ்ச்சி எது, செலவு எந்த ஒதுக்கீட்டிலிருந்து, ஒப்பந்தம் என்று காலாவதி ஆகிறது, யார் புதுப்பிப்பது. இந்தப் பின்னிணைப்பு இல்லையென்றால் கையெழுத்து விழாவுக்கே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குப்பிள்ளை: செலவு விஷயத்தில் வழக்கம் இதுதான்: விமானச் சீட்டு வருபவர்கள் பொறுப்பு; தங்குமிடம், சாப்பாடு, பேருந்து அழைப்பவர்கள் பொறுப்பு. தமிழ்நாட்டு அதிகாரிகளை அழைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ‘எல்லாச் செலவும் எங்களுடையது’ என்று பெருந்தன்மையாக எழுதிவிடுகிறோம், அதுவே அவர்களுக்கு இடைஞ்சல். இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, சட்டமன்ற உறுப்பினரும் அரசு ஊழியரும் வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பயண அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் பெயர்கள் குறைவது பெரும்பாலும் இதனால்தான். அழைப்புக் கடிதத்தில் எதை யார் செலுத்துகிறார்கள் என்று பிரித்து எழுதி, குறைந்தது மூன்று மாதம் முன்னதாக அனுப்புங்கள்.

பள்ளி வாரியம்: மாணவர் பரிமாற்றம் என்றால் நாள்காட்டிதான் பெரிய தலைவலி. தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூனில் திறக்கும், மே முழுக்க விடுமுறை. ஜப்பானில் நீண்ட விடுமுறை ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நிதியாண்டும் ஒத்துவராது. நமக்கு ஜனவரி, இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஏப்ரல். பிப்ரவரியில் கேட்டால் அங்கே பணம் தீர்ந்திருக்கும். முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். பிள்ளைகளை அழைத்துப்போக மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக அமைச்சின் அனுமதியும், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தேவை.

கேட்டவர், சுங்கை சிப்புட்: நன்றி ஐயா. விருந்தினர் வந்தால் தோட்டத்தைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு என்ன ஏற்பாடு?

முன்னாள் கண்டக்டர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்): இதில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘காலை 10.30, பால் வெட்டுச் செயல்விளக்கம்’ என்று போட்டிருப்பார்கள். அந்நேரம் ரப்பர் மரத்தில் பால் நின்றிருக்கும். விடியலில் பட்டைக்குள் நீரழுத்தம் கூடுதல், அதனால் பால் ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, வெட்டிய வாயும் உறைந்து அடைத்துக்கொள்ளும். விருந்தினர் காலை 6.30க்கு ரப்பர் காட்டில் நிற்க வேண்டும், பசியாறுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முடியவே முடியாதென்றால், முதல் நாள் வெட்டாமல் விட்ட நிழலான மரங்களில் நாலைந்தை ஒதுக்கி வையுங்கள், கொஞ்சமாவது வடியும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட வேண்டாம். பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து பட்டையெல்லாம் பரவும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) விழாது. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்வு, பாலும் குறைவு. அந்த மாதங்களில் கட்டிப்பால் (மங்கில் உறைந்த பால்) காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விருந்தினர் கையில் கத்தியைக் கொடுத்துப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டை சீவினால் போதும். புதிய கை ஆழமாக இழுத்து உள்தோலைக் காயப்படுத்தினால் அந்த இடத்தில் முடிச்சு விழுந்து, பட்டை சரியாக வளராது. பழைய, மறுநடவுக்கு வெட்டப்போகும் மரத்தைக் கொடுங்கள்.

இப்போது தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை). குலை அறுக்கும்போது மரத்தின் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்தில் கூட்டத்தை நிறுத்துங்கள். தலைக்கவசம், மூடிய காலணி இரண்டும் கட்டாயம். விழுந்த மட்டையின் முள் செருப்பைத் துளைத்துவிடும்.

சமையல் கட்டு அக்கா: கழகம் நடத்தும் விருந்துக்கு ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரர் வேண்டும் என்பார்கள், அது சரி. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் பெலாச்சான் (இறால் விழுது) போட்ட காங்கோங் கீரை வரும், நெத்திலி போட்ட சம்பல் வரும். பெலாச்சான், நெத்திலி, முட்டை, சிப்பிச் சாறு நான்கும் கூடாது என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்து, கரண்டியும் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.