ஃப்ளோரிடாவில் பரஸ்பர விவாகரத்து: 20 நாள் தாண்டியும் தீர்ப்பு வரவில்லை, பெற்றோர் வகுப்பில் சிக்கல்

நிழல்மரம்:
வணக்கம். நானும் கணவரும் உட்கார்ந்து பேசி, சண்டை இல்லாமல் பிரிவது என்று முடிவெடுத்தோம். மகளுக்கு 7 வயது. ஃப்ளோரிடாவில் நான்தான் மனு போட்டேன், வக்கீல் வைக்கவில்லை. அவர் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார். எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். 20 நாளில் முடிந்துவிடும் என்று படித்திருந்தேன். இப்போது 70 நாள் ஆகிறது. போன வாரம் நீதிமன்றத்திலிருந்து கடிதம்: எதிர்மனுதாரரின், அதாவது கணவரின், பெற்றோர் வகுப்புச் சான்றிதழை ஏற்க முடியாது என்று. குழந்தை உள்ள தம்பதி பிரியும்போது எடுக்க வேண்டிய வகுப்பு அது. அவர் 4 மணி நேர வகுப்பை முடித்துச் சான்றிதழும் அனுப்பினாரே! இதில் என்ன தப்பு? 20 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடுமா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

கடலோரம்:
முதலில் பயப்படாதீர்கள், 20 நாள் மறுபடி ஓடாது. அது மனு தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணுவது, உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அந்த 20 நாள், அதற்கு முன்னால் தீர்ப்புக் கொடுக்கக் கூடாது என்ற தடை மட்டும்தான். 21-ஆம் நாள் தீர்ப்பு வரும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. குழந்தை இருக்கிறவர்களுக்கு உண்மையான பூட்டு இந்த வகுப்புதான். இருவருமே முடித்து, இருவரின் சான்றிதழும் கோப்பில் ஏறினால்தான் நீதிபதி கையெழுத்துப் போடுவார்.

கணவர் எந்த வகுப்பை எடுத்தார்? டெக்சாஸில் இருப்பதால் அங்கே உள்ள வகுப்பை எடுத்தாரா?

நிழல்மரம்:
ஆமாம் அண்ணா, டெக்சாஸ் வகுப்புதான். அதுவும் 4 மணி நேரம் என்பதால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்.

கடலோரம்:
அதுதான் காரணமாக இருக்கும். மணிக்கணக்கு ஒன்றாக இருந்தாலும், ஃப்ளோரிடாவின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் துறை அங்கீகரித்த வகுப்பாக இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. டெக்சாஸில் உட்கார்ந்தபடியே முடிக்கலாம், நீங்கள் இருவரும் சேர்ந்து படிக்கத் தேவையில்லை. பணம் கட்டும் முன் நீதிமன்ற கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அந்த வகுப்பு செல்லுமா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மனு போட்டவருக்கு தாக்கல் செய்த நாளிலிருந்து 45 நாள், மற்றவருக்கு மனு கைக்குக் கிடைத்ததிலிருந்து 45 நாள் என்பது கெடு.

நம் ஆட்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு, பெயர். மனுவில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும், சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். வழக்கு எண்ணையும், மனுவில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியேயும் கொடுக்கச் சொல்லுங்கள்.

மறுகரை:
அந்த அண்ணன் சொன்னது சரி. நான் இதே பாதையில் வந்தவள். வகுப்பு நான் நினைத்ததுபோல் இல்லை. 'அப்பாவிடம் போய் இதைச் சொல்' என்று குழந்தையைத் தூது அனுப்பக் கூடாது என்று அதில் வந்தபோது அழுதுவிட்டேன், நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். சடங்காக நினைக்காமல் கவனித்துப் பாருங்கள் தங்கச்சி.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் ஹெச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த துணைவர் விசாவில், இருக்கிறீர்களா? அப்படியென்றால் தீர்ப்பு வந்தவுடன் அந்தத் தகுதி போய்விடும். அவசரப்பட்டு விசாரணைத் தேதி வாங்காதீர்கள். குடிவரவு வக்கீலிடம் பேசி, வேறு தகுதிக்கான விண்ணப்பத்தைத் தீர்ப்புக்கு முன்னால் போடுங்கள். இந்தத் தாமதம் உங்களுக்கு உதவியாகக்கூட இருக்கலாம்.

நிழல்மரம்:
ஹெச்-4தான் அக்கா. இதை யாருமே சொல்லவில்லை. நாளைக்கே பேசுகிறேன். ஜீவனாம்சம் வேண்டாம் என்று நாங்களே எழுதிக்கொண்டோம், அதில் ஏதாவது தடை வருமா?

கடலோரம்:
உங்களுக்கான ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தைக்கான பணம் குழந்தையின் உரிமை, அதைப் பெற்றோர் வேண்டாமென்று எழுதினாலும் நீதிபதி பார்ப்பார். இருவரின் வருமான விவரமும், குழந்தைக்கான பணத்தைக் கணக்கிட்ட தாளும் கோப்பில் இருக்க வேண்டும். குழந்தை யாரிடம் எப்போது இருக்கும் என்று எழுதும் பெற்றோர் திட்டமும் கட்டாயம். 2023 ஜூலை முதல் இருவருக்கும் சம நேரம் என்பதே சட்டத்தின் தொடக்கப் புள்ளி. அவர் டெக்சாஸில் இருப்பதால் கோடை விடுமுறை யாரிடம், விமானச் செலவு யாருடையது என்று தெளிவாக எழுதுங்கள்.

மறுகரை:
தீர்ப்பு வந்ததும் சான்றளித்த நகல் வாங்கி, ஃப்ளோரிடா தலைநகர் டாலஹாசியில் மாநில அரசுத் துறையில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று) போட்டுவையுங்கள். கணவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட பதில் மனுவின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். இந்து திருமணச் சட்டத்தின்படி கல்யாணமானவர்களின் வெளிநாட்டு விவாகரத்து இந்தியாவில் செல்லுமா என்று பார்க்கும்போது, மற்றவர் சம்மதித்தாரா என்பது முக்கியம். 1991-இல் உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் வழக்கில் அப்படித்தான் சொன்னது.

நிழல்மரம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அவர் பட்டியலில் இருந்த ஆன்லைன் வகுப்பை முடித்தார், சான்றிதழ் ஏற்கப்பட்டது. எனக்கு மாணவர் விசாவுக்கான மாற்று விண்ணப்பம் போயாகிவிட்டது. விசாரணைத் தேதியை அதற்கப்புறம்தான் கேட்டேன், ஜூமில் நடக்குமாம். மகளிடம் நாங்கள் இருவரும் வீடியோ அழைப்பில் சேர்ந்தே சொன்னோம். இரண்டு வீட்டிலும் அவளுடைய பொம்மைகள் இருக்குமா என்று கேட்டாள்.