பல்லைக் காட்டும் சிம்பன்சிக் குட்டி உண்மையிலேயே சிரிக்கிறதா?

தூக்கம்வராதவள்:

வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஒரு சிம்பன்சிக் குட்டி, அதற்குக் குழந்தைகளுக்குப் போடுகிற கோடு போட்ட சட்டை, டயப்பர் எல்லாம் மாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் யாரோ கை தட்டியதும் அது இரண்டு வரிசைப் பல்லும் தெரிய வாயை விரிக்கிறது. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி. நானும் ஒன்று போட்டேன், வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். அக்கா மகளுக்குப் பதினொரு வயது, அவள் மட்டும் "சித்தி, அது கண்ணு சிரிக்கலையே"ன்னு ஒரு வரி பதில் போட்டாள். திரும்பப் பார்த்தேன். அதற்கப்புறம் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது.

அது சிரிப்பா, இல்லையா? இன்னொன்று, இப்படி வீட்டில் வளர்க்கிறவர்கள் பாசமாகத்தானே வளர்க்கிறார்கள், பால் புட்டி, தொட்டில் என்று பிள்ளை மாதிரி, அதில் அந்தக் குட்டிக்கு என்ன கெட்டுவிடும்? சிம்பன்சியைக் குரங்கு என்று எழுதினால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், அதையும் யாராவது ஒரு தடவை விளக்கிவிடுங்கள்.

மந்திவால்:

அக்கா மகள் கெட்டிக்காரி. கண்ணோடு சேர்த்து மேல்வரிசைப் பல்லையும் பாருங்கள்.

சிம்பன்சி விளையாட்டில் குஷியாக இருக்கும்போது வாய் தளர்வாகத் திறந்திருக்கும், கீழ்ப்பல் தெரியும், மேல்பல்லை உதடு பெரும்பாலும் மூடியே இருக்கும். கூடவே மூச்சிரைக்கிற மாதிரி ஒரு சத்தம். நாம் மூச்சை வெளியே விடும்போதுதான் 'ஹஹஹ' என்கிறோம், அதுவோ உள்ளே இழுக்கும்போதும் சத்தம் போடும், அதனால் தெரியாதவர் காதுக்கு மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்குவது மாதிரிதான் கேட்கும். அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு அதுதான். உதடுகள் பின்னால் இழுபட்டு, வாய்மூலை விறைத்து, இரண்டு வரிசைப் பல்லும் பளிச்சென்று தெரிந்தால் அது பெரும்பாலும் பயம், இல்லாவிட்டால் 'நான் அடங்கிவிட்டேன், ஒன்றும் செய்துவிடாதே' என்கிற பணிவு. கை தட்டியதும் வந்தது என்கிறீர்களே, அந்தக் கை வேறு எதற்கெல்லாம் ஓங்கியிருக்கும் என்று யோசியுங்கள்.

எல்லா இனத்துக்கும் ஒரே அகராதி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ரீசஸ் குரங்கில் சத்தமில்லாமல் பல்லைக் காட்டுவது கீழே இருப்பது மேலே இருப்பதற்குச் செய்கிற கும்பிடு மாதிரி. சுலவேசித் தீவின் டோங்கியன் குரங்குகளில் அதே முகம் சமாதானத்துக்கும் விளையாட்டுக்கும்கூட வரும். வட ஆப்பிரிக்காவின் பார்பரி குரங்கு மிரட்டும்போது வாயைத் திறந்து உதட்டை முன்னால் குவிக்கும், சுற்றுலாப் பயணிகள் அதை முத்தம் என்று நினைத்துத் திருப்பி முத்தம் கொடுப்பார்கள். அப்புறம் கடி வாங்கிக்கொண்டு 'திடீரென்று பாய்ந்தது' என்பார்கள். அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பாய்ந்தது.

சொல்லேர்:

குரங்கு விவகாரம் மட்டும். சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன், இவற்றுக்கு வால் கிடையாது, தோள்பட்டை கையை எந்தப் பக்கமும் சுழற்றித் தொங்கத் தோதாக இருக்கும். தமிழில் வாலில்லாக் குரங்கு என்கிறோம், மனிதக் குரங்கு என்றும் எழுதுகிறார்கள். ஆண் குரங்குக்குக் கடுவன், பெண்ணுக்கு மந்தி, கருங்குரங்குக்கு முசு என்று வகைவகையாகப் பெயர் வைத்த மொழி இவற்றுக்கு மட்டும் ஒட்டுச்சொல் வைத்திருக்கிறதே என்றால், பெயர் வைத்தவர்கள் இவற்றைப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். வாலை மட்டும் நம்பியும் ஏமாறக்கூடாது, மேலே மந்திவால் சொன்ன பார்பரி குரங்குக்கு வாலே இல்லை, ஆனாலும் அது குரங்குதான்.

முன்னாள்பராமரிப்பாளர்:

பாசம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மீட்கப்பட்ட விலங்குகளை வைத்திருக்கும் ஓர் இடத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேன், இடம் வேண்டாம். அங்கே வீட்டில் வளர்ந்த சிம்பன்சி ஒன்று இருந்தது, வளர்ந்த பெண். மற்றவை உட்கார்ந்து ஒன்றுக்கொன்று முடியைக் கோதிவிட்டுக்கொண்டிருக்கும், இது நாலடி தள்ளி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு தன் முழங்கை முடியைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கும். ஒரு நாள் ஒரு கிழட்டுச் சிம்பன்சி பக்கத்தில் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது, கோதிவிடு என்று அர்த்தம். இதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்து கம்பி ஓரமாக வந்து எங்களைப் பார்த்துக் கையை நீட்டியது. அதை வளர்த்தவர்கள் அடித்தவர்கள் இல்லை, கொஞ்சித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

சிம்பன்சிக் குட்டி முதல் சில மாதங்கள் தாயின் உடம்பை விட்டு இறங்கவே இறங்காது. நாலைந்து வயது வரை பால் குடிக்கும், அதற்கப்புறமும் பல வருடம் தாயோடுதான் சுற்றும். அப்படிப்பட்ட குட்டியைத் தாய் சும்மா கொடுக்காது. காட்டிலிருந்து குட்டியைப் பிடிக்க வழக்கமான வழி தாயைச் சுடுவது, குறுக்கே வருகிறவற்றையும் சுடுவது. தொட்டிலில் கிடக்கும் ஒன்றுக்குப் பின்னால் எத்தனை என்று அந்த வீடியோவில் தெரியாது. மனிதக் குரங்குகளை நாடு விட்டு நாடு வியாபாரம் செய்வதற்கு சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது, திருட்டுத்தனமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூண்டிலேயே பிறந்த குட்டியென்று சொல்வார்கள், சில சமயம் உண்மையாகவும் இருக்கும், அப்போதும் தாயிடமிருந்து பிடுங்கித்தான் விற்கிறார்கள்.

ஐந்தாறு வயதுக்கு மேல் அதன் பலத்துக்கு வீடு தாங்காது. பல்லைப் பிடுங்குவார்கள், சங்கிலி, அப்புறம் கூண்டு. சிம்பன்சி ஐம்பது வயது வரைகூட இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காட்டில் விடலாமே என்று கேட்பீர்கள், சிம்பன்சியாக இருக்கவே தெரியாத ஒன்றை எந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் விடுவது?

எதிர்க்காற்று:

எல்லாம் சரி, ஆனால் ஏதோ ஒரு எமோஜி போட்டதால்தான் இனமே அழிகிறது என்கிற மாதிரிப் போகிறது பேச்சு. வீடியோ ஓரத்து விஷயம், முதல் காரணம் காடு அழிவது. குரங்கு, சிம்பன்சி, தேவாங்கு எல்லாம் அடங்கிய முதனிக் குடும்பத்தில் உலகத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அவற்றில் சுமார் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன, சுமார் 75 சதவீதத்துக்கு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது என்றது. விவசாயம், மரம் வெட்டுவது, சுரங்கம், சாலை, அதன் பின்னாலேயே இறைச்சி வேட்டை. சுமத்ராவின் தபனுலி ஒராங்குட்டான் தனி இனம் என்று தெரிந்ததே 2017இல்தான், தெரிந்தபோதே 800க்கும் குறைவு. ஒராங்குட்டான் தாய் அடுத்த குட்டி போட ஏழெட்டு வருடம் எடுத்துக்கொள்ளும், வருடத்துக்கு நூற்றில் ஒன்று இரண்டை இழந்தாலே கூட்டம் தேய்ந்துவிடும்.

சாலை வேண்டாம், ஒரு மண்சரிவு போதும். சீனாவின் ஹைனான் தீவில் ஒரு கிப்பன் இனம், மொத்தமே ஐம்பதைத் தாண்டாது. 2014இல் புயல் மழையில் மலை சரிந்து மரம் விட்டு மரம் போகிற அவற்றின் வழி அறுந்துபோனது. அடுத்த வருடக் கடைசியில் மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் கயிறு இரண்டை இழுத்துக் கட்டினார்கள். ஒன்று அதில் காலை வைக்க 176 நாள் ஆனது! கையால் தொங்கிக்கொண்டு போகும் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு கயிற்றில் நடந்து இன்னொன்றை நாம் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டு போயின. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும்.

நல்லதும் நடந்திருக்கிறது. நடு ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் 1980களின் தொடக்கத்தில் 250 அளவில் இருந்த மலைக் கொரில்லா 2016 கணக்கெடுப்பில் 600ஐத் தாண்டியது. காவலர்கள் தினமும் நடந்து கண்ணிகளை எடுத்தார்கள், அடிபட்டதற்குக் காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்த்தார்கள். கவலைப்படுகிறவர்கள் அதற்குப் பணம் கொடுக்கலாம்.

முன்னாள்பராமரிப்பாளர்:

காடுதான் முதல் என்பதில் உங்களோடு எனக்குத் தகராறே இல்லை. ஆனால் வீடியோ ஓரத்து விஷயம் இல்லை சார். 2011இல் ஒரு ஆய்வு, ஒரே சிம்பன்சியின் படத்தை மனிதர் பக்கத்தில் நிற்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் காட்டினார்கள். மனிதரோடு பார்த்தவர்களில் கூடுதலான பேர், காட்டில் சிம்பன்சிகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நம்பினார்கள். அப்படி நம்புகிறவர் உங்கள் காவலருக்கு ஏன் பணம் கொடுக்கப் போகிறார்?

நோய் பற்றி யாரும் சொல்லவில்லை. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சி உள்ள ஒரு கூட்டத்தில் ஐந்து செத்தன, அதில் ஒன்று இரண்டு வயதுக் குட்டி. காரணம் மனிதர்களிடம் சாதாரணமாகச் சளியாக வந்துபோகிற ஒரு வைரஸ். மலைக் கொரில்லா பார்க்கப் போகிறவர்களைத் தள்ளி நிறுத்துவது அதனால்தான், நாமோ கன்னத்தோடு கன்னம் வைத்து செல்பி எடுக்கிறோம்.

தூக்கம்வராதவள்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். கை தட்டுவதற்கு முன்னாலேயே அதன் இடது கை சட்டை நுனியைச் சுருட்டிப் பிடித்திருக்கிறது, கடைசி வரை விடவில்லை. முதல் தடவை நான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. குழுவில் அழித்துவிட்டேன், ஏன் என்றும் எழுதினேன். மாமா ஒருவர் "இனி எதைப் பார்த்துத்தான் சிரிக்கிறது"ன்னு கோபித்துக்கொண்டார்.

அக்கா மகள் வேறொன்று அனுப்பியிருக்கிறாள். பெரிய கண்ணோடு தேவாங்கு மாதிரி ஒன்று, கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்கிறது, இன்னும் மூட்டு என்கிற மாதிரி. இதுவும் அப்படித்தானா?

மந்திவால்:

அப்படித்தான். தென்கிழக்கு ஆசியத் தேவாங்கு அது, குரங்கில்லை, குரங்குகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் மேல்கையின் உள்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் வருவதை எச்சிலோடு கலந்தால் விஷம். கையைத் தூக்குவது வாயை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத்தான். கடிக்கத் தயாராகிறது. விற்கிறவர்கள் பெரும்பாலும் அதன் பல்லை முன்பே வெட்டியிருப்பார்கள்.