ஏற்றுமதியை நம்பி நிற்கும் பெற்றோலிய இரசாயனத் தொழிலில் ஒரு மாணவர் இறங்கலாமா?

உப்புவெளி ஆசிரியை:

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். என்னிடம் படித்த ஒருவருக்குத் தென்கொரியாவின் உல்சான் நகரில் இரசாயனப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோலிய இரசாயனத்தையே சிறப்புத் துறையாக எடுக்கலாமா என்று கேட்கிறார். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்க்க உடன்பட்டதிலிருந்து, பிள்ளை பட்டம் பெற்றுத் திரும்பும்போது இங்குள்ள சீனக்குடாவிலேயே பெற்றோலிய இரசாயன ஆலை ஒன்று எழுந்திருக்கும் என்று அவருடைய வீட்டார் நம்புகிறார்கள். ஆனால் கொரியாவிலேயே ஆலைகளைக் குறைக்கப் போகிறார்கள் என்று வாசித்தேன். பொலித்தீனுக்கு மூலப்பொருளான எதிலீனின் இரட்டைப் பிணைப்பை என்னால் விளக்க முடியும். அதன் சந்தையை விளக்க முடியவில்லை. விபரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜுபைலில் இருந்தவர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சவூதியின் ஜுபைலில் ஓர் எதிலீன் ஆலையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் எல்லாமே மூலப்பொருளின் விலையில்தான் தொடங்குகிறது. வளைகுடாவில் எண்ணெயோடும் வாயுவோடும் வெளிவரும் எதேனை எடுத்து 800 பாகைக்கு மேல் சூடாக்கி உடைக்கிறோம். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எதிலீனாகிறது. கொரியாவிலோ மசகெண்ணெய்க் கிணறு இல்லாததால், மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் இலேசான திரவமான நப்தாவை உலகச் சந்தை விலைக்கு வாங்கி உடைக்கிறார்கள். அதில் எதிலீன் மூன்றில் ஒரு பங்குகூட வராது, மீதியாக வரும் புரொப்பிலீன், பியூட்டடையீன், பென்சீன் ஆகியவற்றையும் நல்ல விலைக்கு விற்றால்தான் கணக்குச் சரிவரும்.

அப்படியிருந்தும் உல்சான், யோசு, தேசான் ஆகிய மூன்று கொரிய ஆலை வளாகங்களும் பல ஆண்டுகள் செழித்ததற்குக் காரணம், சீனா எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொண்டிருந்ததுதான். கொரிய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டுக்குப் போவது, அதிலும் பெரும்பங்கு ஒரே நாட்டுக்குப் போவது. ஆபத்து இங்கேதான் இருந்தது. சீனா தனக்கு வேண்டியதைத் தானே செய்ய ஒன்றன்பின் ஒன்றாக மிகப் பெரிய ஆலைகளைக் கட்டி, மிஞ்சியதை அயல்நாடுகளுக்கும் அனுப்பத் தொடங்கியதும் விலை விழுந்தது. நப்தாவுக்கும் எதிலீனுக்கும் இடையில் தொன்னுக்கு 250 டொலராவது விலை வித்தியாசம் இருக்க வேண்டும் என்பார்கள். அது பல மாதங்கள் தொடர்ந்து கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பத்து கொரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு 27 முதல் 37 இலட்சம் தொன் எதிலீன் திறனைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இது நாட்டின் மொத்தத் திறனில் நான்கில் ஒரு பங்கு வரை செல்லும். அதே நேரத்தில் உல்சானில் சவூதி அரம்கோவின் முதலீட்டில் ஆண்டுக்கு 18 இலட்சம் தொன் எதிலீன் தரக்கூடிய புதிய ஆலை கட்டப்படுகிறது என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். பழைய ஆலைகளுக்கு அது பெரும் சுமையாகும்.

சிங்கப்பூரிலும் இதே நிலைதான். ஷெல் நிறுவனம் தன் புக்கோம் தீவு ஆலையை விற்றுவிட்டது.

துறைமுக வீதி வாசகர்:

வீட்டாரின் நம்பிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் எதிலீன் செய்யும் ஆலைக்கு முப்பது இலட்சம் தொன்னுக்கு மேல் நப்தா வேண்டும். அப்படியானால் தாங்கிகள் அத்தனையையும் திருத்தி நிரப்பினாலும் மூன்று மாதத்துக்குத்தான் போதும். நாட்டின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமான சப்புகஸ்கந்தை ஓராண்டில் சுத்திகரிக்கும் மசகெண்ணெய் முழுவதுமே அந்த நப்தாவின் அளவை எட்டாது. இயற்கைத் துறைமுகம் இருப்பது நமக்குப் பெருமைதான், ஆனால் அது மூலப்பொருளைத் தராது.

நம் கண்முன்னே நிற்கும் பிறீமா மாவாலையையும் டோக்கியோ சீமெந்து ஆலையையும் பாருங்கள். இரண்டும் மூலப்பொருளைக் கப்பலில் கொண்டுவந்து ஆக்கிய பொருளைப் பெரும்பாலும் நம் நாட்டுக்குள்ளேயே விற்றுத்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. பொலித்தீனுக்கு அவ்வளவு பெரிய உள்நாட்டுச் சந்தை இல்லை. வெளியே விற்கப் போனால் இந்தியாவின் ஜாம்நகரில் உள்ள பெரிய ஆலைகளோடும் ஜுபைலோடும் விலையில் மோத வேண்டும். எரிபொருளைச் சேமித்தல், கலத்தல், கப்பல்களுக்கு நிரப்புதல் ஆகியவற்றில்தான் இவ்வூருக்கு வேலைவாய்ப்பு வரும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கும்புறுப்பிட்டி பொறியியலாளர்:

அண்ணாமார் இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் பிள்ளையை உல்சானுக்குப் போகவேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் மணிகளில் இலாபம் போனதால், கொரிய நிறுவனங்கள் மின்கலப் பொருட்கள், குறைகடத்தித் தொழிலுக்கான தூய இரசாயனங்கள் என்று திரும்புகின்றன. காய்ச்சி வடித்தல், வெப்பப் பரிமாற்றம், செயன்முறைப் பாதுகாப்பு ஆகிய அடிப்படைகளை உறுதியாகக் கற்றவருக்கு எந்த ஆலையிலும் இடமுண்டு. எதிலீனை மட்டும் கற்றுக்கொண்டு வருபவர்தான் அந்தத் தொழிலோடு சேர்ந்து ஏறி இறங்குவார்.

உப்புவெளி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போகச் சொல்கிறேன், சிறப்புத் துறையை மூன்றாம் ஆண்டு வரை முடிவுசெய்யாமல், செயன்முறைப் பாதுகாப்பைக் கட்டாயம் எடுக்கும்படியும் சொல்கிறேன். நப்தாக் கணக்கை அவருடைய தந்தையாருக்குத் தாளில் எழுதியே காட்டப் போகிறேன். சீனக்குடாத் தாங்கிகளை என் வகுப்பு மாணவர்கள் நேரில் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று துறைமுக வீதி ஐயா அறிந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.