பெண்கள் பாடத் தடை போட்டவர் பெயரில் பாட்டுப் பள்ளி: வழிபாட்டைப் புதுப்பித்தது யார்?

மறைக்கல்வி டீச்சர்:
வழிபாட்டைப் புதுப்பித்தவர்கள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்து (1962-65இல் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை) ஆயர்கள் என்று போன ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டேன். உறுத்தலாக இருந்தது. சங்கத்துக்கு வெகுகாலம் முன்பே அமெரிக்காவில் பொதுநிலைப் பெண்கள், அதாவது துறவிகள் அல்லாத சாதாரணப் பெண்கள், இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டு கற்பிக்கும் முறையை உருவாக்கிய ஜஸ்டின் வார்டு என்ற பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் குழுவில் பாடுவது திருவழிபாட்டுப் பணி, அதில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று 1903இல் எழுதினார் திருத்தந்தை பத்தாம் பயஸ். அடுத்த வருடமே வார்டு கத்தோலிக்கராகிறார். 1916இல் நியூயார்க்கில் திருவழிபாட்டு இசைப் பள்ளி ஒன்று தொடங்குகிறார். அதற்கு வைத்த பெயர்? பத்தாம் பயஸ்!

பூண்டிக்காரன்:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள் டீச்சர். கூடவே நின்று தொடங்கிய ஜார்ஜியா ஸ்டீவன்ஸ் ஒரு துறவி. இடமும் கன்னியர் நடத்திய கல்லூரிதான். வார்டு சொல்லிக்கொடுத்ததோ கிரகோரியன் பாட்டு, அதாவது திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டு. இன்றைக்கு நம் பங்குக் கோயிலில் அதை யார் பாடுகிறார்கள்? தமிழில் பூசை வந்தது வழிபாடு பற்றிச் சங்கம் வெளியிட்ட 1963 ஆவணத்தால். 2147 பேர் ஆதரித்தார்கள், 4 பேர் எதிர்த்தார்கள். அந்த ஓட்டு விழாவிட்டால் எந்தப் பெண் என்ன செய்தும் பூசையில் ஒரு வரி மாறியிருக்காது.

மறைக்கல்வி டீச்சர்:
அந்த ஓட்டு நடந்தபோது மண்டபத்தில் பார்வையாளராகக்கூட ஒரு பெண் இல்லை சகோ. பெண்களை உட்காரவிட்டதே 1964இல்தான். அப்போதும் ஓட்டு கிடையாது. உள்ளேயே விடாமல் வைத்துவிட்டு, ஓட்டுப் போட்டவர்கள்தான் செய்தார்கள் என்றால் எப்படி?

ஆர்மோனியம் அண்ணன்:
நடுவில் ஒரு வார்த்தை. வார்டு முறையில் குழந்தைகளுக்கு முதலில் ஸ்வரத்தை 1, 2, 3 என்று எண்ணாகவே தருவார்கள். நம் பிள்ளைகளுக்கு நான் ஸ ரி க ம எழுதித் தருகிற மாதிரிதான். சங்கீதம் தெரியாத சாதாரண வகுப்பு டீச்சரும் நடத்தலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். கோயிலுக்கு வருகிறவர்கள் சும்மா நின்று கேட்காமல் தாங்களே பாட வேண்டும் என்றால், இப்படிப் பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பிக்க முடியும். மக்கள் வழிபாட்டில் முனைந்து பங்கேற்க வேண்டும் என்ற பேச்சு அதே 1903 ஆவணத்திலும் இருக்கிறது. தடையும் அதில்தான்! 1963 ஆவணமும் கிரகோரியன் பாட்டுக்கு முதலிடம் கொடுக்கிறது தம்பி. கைவிட்டது நாம்.

பூண்டிக்காரன்:
சரிண்ணே, பாட்டு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வார்டை வைத்துக்கொண்டு 'பெண்கள்' என்று பன்மையில் பேசலாமா?

மறைக்கல்வி டீச்சர்:
ஏட் பெத்யூன்? பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர். இருபது வயதை ஒட்டி, ஏழைத் தொழிலாளர்களுக்காக உழைத்த டாரதி டேயின் 'கத்தோலிக்கத் தொழிலாளி' இதழுக்கு வரைய ஆரம்பித்தார். புனிதர்களை மேகத்தில் நிறுத்தாமல் அன்றாட வேலை செய்கிறவர்களாகக் காட்டினார். பிற்பாடு கோயில் உள்ளமைப்புக்கே ஆலோசகரானார். 1935இல் அந்த இதழின் முகப்பில் கிறிஸ்து இரண்டு ஆண் தொழிலாளர்களை அணைத்து நிற்பதாக வரைந்தார். 1985இல் அவரே திருத்தி, ஒருவரை எடுத்துவிட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்தினார்.

பூண்டிக்காரன்:
படம் நல்ல படம்தான். ஆனால் இதழ் முகப்பு திருவழிபாடு ஆகாது. பீடத்துக்குப் பக்கத்தில் நடந்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர்:
பீடத்துக்குப் பக்கத்திலா? வாசகர் (பூசையில் வேதம் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளைச் சட்டப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டதே 2021இல்தான் சகோ. அங்கே விடாத காலத்துப் பெண்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.