ஜனவரிக்குள் ஃபுல் மாரத்தான் ஓட முடியுமா?

வேளச்சேரி வாசி:
வணக்கம். எனக்கு 39 வயது, 82 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. மார்ச்சிலிருந்து வாரம் மூன்று நாள் காலையில் ஓடுகிறேன், ஒவ்வொரு தடவையும் 5 கிலோமீட்டர், 38 நிமிடம் ஆகிறது. ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஃபுல், 42.195 கிலோமீட்டர், ஓட ஆசை. போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. இப்போது ஆகஸ்ட், கையில் ஐந்து மாதம்கூட முழுசாக இல்லை. போதுமா? இன்னொன்று, இரண்டு வாரமாக முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலி. ஓட ஆரம்பித்தால் குறைந்துவிடுகிறது என்று கண்டுகொள்ளாமல் இருக்கிறேன்.

நாலரை மணி:
நண்பரே, 16 வாரம், 20 வாரம் என்று கிடைக்கிற பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் வாரத்துக்கு 25, 30 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்குப் போட்டவை. நீங்கள் ஓடுவது 15. அதனால் இந்த ஜனவரி ஹாஃப், அதாவது பாதி தூரம், அடுத்த ஜனவரி ஃபுல், இதுதான் என் கருத்து. நான் 10 கிலோமீட்டரிலிருந்து நேராக ஃபுல்லுக்குத் தாவினேன். 31-வது கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் போனது, அப்புறம் ஒரு தண்ணீர் மேசையில் நின்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காலை எடுத்தால் தொடை மடங்கவில்லை, மிச்சம் 11 கிலோமீட்டரையும் நடந்துதான் முடித்தேன். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு எரிபொருளாகச் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து, அதாவது கிளைக்கோஜன், பலருக்கும் 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் தீர்ந்துபோகும். கொழுப்பை எரித்து ஓட உடம்பைப் பழக்குவது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம்தான், அதை மெதுவாக ஓட வேண்டும். உங்கள் இப்போதைய வேகம் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், லாங் ரன்னில் எட்டரை வரை போகலாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி.

அடையாறுக்காரி:
ஹாஃப் மட்டும்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அக்டோபர் கடைசியில் வலி இல்லாமல் 18 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அப்போது யோசிக்கலாம். ஆனால் நவம்பர் மழையில் இரண்டு மூன்று ஞாயிறு கண்டிப்பாகப் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள் சகோ. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். ஓடி முடித்ததும் தொப்பி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மணிக்கணக்கில் ஓடுகிற நாட்களில் வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைத்து எடுத்துப் போங்கள். அதற்காகத் தாகம் இல்லாமலே லிட்டர் கணக்கில் குடிக்கவும் கூடாது, ரத்தத்தில் சோடியம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. பிறகு, அப்பாவுக்கு இதயப் பிரச்சினை என்கிறீர்கள், தூரத்தைக் கூட்டும் முன் இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிசியோ:
கால் வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உட்கார்ந்து கட்டைவிரலால் எலும்பின் உள்பக்க ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது எலும்போடு தசை ஒட்டுகிற இடம் நொந்து வருகிற வலி. தூரத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைக்கால் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ எலும்பில் விரிசல் இருக்கலாம், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். ஓடும்போது குறைகிறது என்பதை நம்பாதீர்கள், ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் ஆரம்பத்தில் அப்படித்தான் ஏமாற்றும். ஷூ எத்தனை மாதம் ஆயிற்று?

வேளச்சேரி வாசி:
எல்லோருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், வலி பரவலாகத்தான் இருக்கிறது. ஷூவுக்கு மூன்று வருஷம் ஆகிறது, வெளிப்பக்கக் குதிகால் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். ஹாஃப் என்றே முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை இதய டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் சரி என்றால் ஞாயிறு மெதுவாக 3 கிலோமீட்டர். தனியாக ஓடினால் என்னையும் அறியாமல் வேகம் கூடிவிடுகிறது, யாராவது துணைக்கு வருவீர்களா?

அடையாறுக்காரி:
நாங்கள் நாலு பேர் ஞாயிறு காலை 4.45-க்கு எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் பக்கத்தில் நிற்போம். டாக்டர் சரி சொன்னதும் வந்துவிடுங்கள், எங்களில் ஒருவர் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிட வேகத்தில்தான் ஓடுவார், அவரோடு சேர்ந்துகொள்ளலாம்.