நீராகாரத்தில் பிரித்த பாக்டீரியா: சர்க்கரைச் சோதனையில் எல்லாக் குழாயும் மஞ்சளாகிறது, உதவுங்கள்

தஞ்சாவூர், முதுநிலை மாணவி:
வணக்கம். எங்கள் வீட்டுப் பழைய சோற்று நீராகாரத்திலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியா ஒன்றைப் பிரித்திருக்கிறேன். கோல் வடிவம், கிராம் சாயச் சோதனையில் பாசிட்டிவ், கேட்டலேஸ் நொதி இல்லை. எந்தச் சர்க்கரைகளை நொதிக்கிறது என்று அறிய, எம்.ஆர்.எஸ். என்னும் வளர்ப்புத் திரவத்தில் லாக்டோஸ், மானிட்டால், அராபினோஸ் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்த்து, அமிலம் உண்டானால் மஞ்சளாகும் பினால் ரெட் நிறங்காட்டியைக் கலந்து, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி, பிறகு பாக்டீரியாவை இட்டேன். எல்லாம் மஞ்சள். பாக்டீரியா இடாத குழாயும் மஞ்சள்! இங்கே அடிக்கடி மின்சாரம் போகிறது. குழாய்களைச் சீரான வெப்பத்தில் வைக்கும் இன்குபேட்டர் நின்று நின்று ஓடுவதுதான் காரணமா?

கும்பகோணம், ஆய்வகப் பணியாளர்:
மின்வெட்டை விடுங்கள் அம்மா. நம் பக்கத்துக் கோடையில் இவை மேசைமேலேயே வளரும். பினால் ரெட் இதற்கு ஆகாது. பி.எச். 6.8-க்குக் கீழே போனாலே அது மஞ்சள், எம்.ஆர்.எஸ். திரவமோ தொடக்கத்திலேயே 6.5-ஐத் தாண்டாது. குளோரோபினால் ரெட் சேருங்கள். அது 5-ஐ ஒட்டித்தான் மஞ்சளாகும்.

திருவாரூர், நுண்ணுயிரியல் ஆசிரியர்:
நிறங்காட்டியை மாற்றினாலும் பாக்டீரியா இட்ட குழாய்கள் அத்தனையும் மஞ்சளாகும். 1960-இல் டி மான், ரோகோசா, ஷார்ப் வகுத்த அந்தத் திரவத்தில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அது கிடைக்கும்போது அராபினோஸை யார் தேடுவார்கள்? ஆகவே ஆயத்தப் பொடி வேண்டாம். பொருள்களைத் தனித்தனியே எடைபோட்டு, குளுக்கோஸையும் இறைச்சிச் சாற்றையும் விட்டுவிடுங்கள். பெப்டோன், ஈஸ்ட் சாறு, மாங்கனீசு இருந்தே ஆக வேண்டும். அமினோ அமிலங்களிலும் பி வைட்டமின்களிலும் பலவற்றைத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாத உயிர்கள் இவை.

சர்க்கரையைச் சேர்த்துச் சூடாக்கவும் வேண்டாம். சில சர்க்கரைகள் சிதையும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆறிய திரவத்தில் 1 சதவீதம் சேருங்கள். இடப்போகும் பாக்டீரியாவை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, உப்புநீரில் இருமுறை கழுவுங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள். கழுவாவிட்டால் பழைய திரவத்தின் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். சர்க்கரையே இல்லாத குழாய் ஒன்றிலும் பாக்டீரியாவை இடுங்கள். அது நிறம் மாறாவிட்டால்தான் மற்றவற்றை நம்பலாம்.

தஞ்சாவூர், முதுநிலை மாணவி:
மிக்க நன்றி ஐயா. வாயு வருகிறதா என்று பார்க்கவும் இதே திரவம் போதுமா?

திருவாரூர், நுண்ணுயிரியல் ஆசிரியர்:
அதற்குக் குளுக்கோஸ் வேண்டும், அமோனியம் சிட்ரேட் கூடாது; சிட்ரேட்டிலிருந்தும் சில இனங்கள் கார்பன் டை ஆக்சைடு விடும். வாயுவைப் பிடிக்கும் சிறிய டர்ஹாம் குழாயைத் திரவத்துக்குள் கவிழ்த்து வையுங்கள். குமிழி சேர்ந்தால் லாக்டிக் அமிலத்தோடு எத்தனாலும் உண்டாக்கும் வகை. சேராவிட்டால் ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக்கும் வகை.